ஐந்து பேர் சொன்ன ‘ஆமா’

என் ராசாத்தி சித்திக்கு,

நேற்று ஒரு மைக் வாங்கினேன். புதுசு இல்லை, பழசுதான். மதுரையில் ஒருவர் கல்யாண வீடியோ தொழிலை விட்டுவிட்டுச் சாமான்களையெல்லாம் விற்றார். கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன ரிக்கார்டர், அதோடு ஒயர் வைத்த இரண்டு காலர் மைக். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போது, இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ எதையும் படித்ததில்லை. பஸ்ஸைக்கூட நிறத்தை வைத்தும் டிரைவர் முகத்தை வைத்தும்தான் கண்டுபிடிப்பாய். ஆனாலும் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். நம் பக்கத்தில் வீடியோ எடுக்க ஆரம்பிக்கிற பையன்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். “அண்ணே, கம்மி வெலையில நல்ல மைக் எதுண்ணே?” ஒரு பெயரும் விலையும் சொல்லி அனுப்பிவிடலாம். உனக்கு நான் செய்ததைச் சொல்லாமல் மைக் பற்றி மட்டும் சொன்னால் அது பாதி பொய்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள், தினமும் உன் பேரைச் சொல்லி அதைத் திட்டுகிறாள். பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நடவு நடக்கிறது. ஊர் நடுவில் மந்தைப் பொட்டலில் காலை ஜீப் இன்னும் நிற்கிறது. அதே ஜீப், அதே ஆள், அதே பதினைந்து பேர் அடைந்துகொண்டு மலைமேல் கேரளத்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். நீ உட்காரும் பின்கதவு ஓரத்தில் இப்போது வேறு யாரோ உட்கார்கிறார்கள்.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

நான் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எடுக்கிறவன். மீதி நேரத்தில் செல்போனை வைத்துக்கொண்டு ஊர்ப் பிரச்சினைகளை எடுத்துப் போடுகிற சேனல் ஒன்று. எல்லோரையும் போல நானும் காமிராவில்தான் புத்தியை வைத்திருந்தேன். இங்கே ட்ரோன் வாங்க வட்டிக்கு வாங்குகிறவன் இருக்கிறான். பெண் வீட்டு மாடியை ஆகாயத்திலிருந்து காட்டினால் பெருமை. தாலி கட்டும்போது ஐயர் சொன்னது கேட்டதா, மாமன் என்ன சொன்னார், அதெல்லாம் யாருக்கும் வேண்டாம், மேலே ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடலாம். பாட்டுப் போட்டு மூடியே எங்கள் தொழில் பழகிவிட்டது.

என்னிடம் முதலில் இருந்தது ஒயர் வைத்த காலர் மைக். ஆயிரம் ரூபாய்க்குள் வரும். சட்டைப் பொத்தானில் கவ்வவிட்டு ஒயரைச் செல்போனில் சொருக வேண்டும். அதில் நம் ஊர் ஆனி ஆடிக் காற்று அப்படியே விழுந்தது. உனக்குத் தெரியுமே, கம்பத்துக் காற்று பேச்சை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும். எடுத்த நாலு வீடியோவும் தகரத்தை உலுக்குகிற மாதிரி இருந்தது. அந்த மைக்குக்குப் போட வேண்டிய ரோமத் தொப்பியை வாங்கியிருந்தால் பாதிக் காற்று நின்றிருக்கும். இருநூறு ரூபாய்ச் சமாசாரம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, நானும் தேடவில்லை. நேராகத் தேனிக்குப் போய் ஒயர்லெஸ் மைக் வாங்கினேன்.

கடைக்காரர் அதை நெஞ்சில் மாட்டிக் காட்டினார். “தம்பி, இந்தப் பட்டன அமுக்குனா பச்ச லைட் எரியும். நாய்ஸ் கேன்சல். அதுக்கப்புறம் பக்கத்துல பஸ்ஸே போனாலும் கேக்காது.”

அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் பஸ் போவது கேட்காது என்றால், பக்கத்தில் உன் ஜீப் கூட்டாளி பேச்சி அக்கா பேசுவதும் கேட்காது. அது எனக்கு உறைக்கவில்லை.

போன ஆடியில் கேரளாவில் ஹர்த்தால் வந்தது. மேலே அவர்களுக்குப் போராட்டம், கீழே நம் ஊர்ப் பெண்களுக்கு லீவு. ஜீப் போகாத நாள் என்பதால்தான் நீங்கள் ஆறு பேரும் ரேஷன் கடைப் படியில் ஒன்றாக உட்கார முடிந்தது. நீ, பேச்சி அக்கா, முத்துலட்சுமி அக்கா, ஈஸ்வரி, இன்னும் இரண்டு பேர். ஏலத் தோட்டத்தில் நடப்பதை வெளியே சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக நீதான் என்னை அரித்தாய்.

முகம் காட்டுவதில்தான் பேச்சு முட்டியது. முத்துலட்சுமி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “எனக்கு ரெண்டு பிள்ளைக படிக்குது சரவணா. மொகம் தெரிஞ்சா ஜீப்புல ஏத்த மாட்டாக” என்றார்.

“மொகம் வேணாங்க்கா. கொரல் மட்டும் போதும்” என்றேன் நான்.

நீதான் எழுந்தாய். “மகளக் கட்டிக்குடுத்தாச்சு. மனுசன் போய்ச் சேந்தாச்சு. என்னைய எவன் என்ன செய்வான்? ஏலே, எம் மொகத்த எடுத்துக்க. ஆனா இவளுக கொரலு கூட வரணும். நான் ஒத்தையில பொலம்புற மாதிரி இருக்கக்கூடாது, ஆமா.”

“வரும் சித்தி” என்றேன்.

அதுதான் நமக்குள் இருந்த ஒப்பந்தம். முகம் உன்னுடையது, குரல் ஆறு பேருடையது. எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. நான் சொன்னேன், நீ நம்பினாய்.

மலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் போடும் சித்தப்பாவின் முழுக்கைச் சட்டையையே அன்றும் போட்டு வந்திருந்தாய். அதன் பொத்தான் பட்டையில் மைக்கை மாட்டி, அதோடு வந்த கறுப்பு ரோமத் தொப்பியைச் சொருகினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்னலே, எலிக்குட்டியக் கொண்டாந்து நெஞ்சுல கட்டுற?” என்றாய். பேச்சி அக்கா, “கடிச்சுராம பாத்துக்க ஆத்தா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காற்று சுழற்றி அடித்தது. நான் பட்டனை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது.

நீ பேசியது எனக்கு மனப்பாடம்.

“அடிச்ச பூச்சி மருந்து காயுமுன்னயே எங்களச் செடிக்கடியில உக்கார வச்சுர்றாக. ஏலக்கா தூருலதான காய்க்கும், குனிஞ்சு உக்காந்துதேன் எடுக்கணும். எல வழியா மருந்து தலையில சொட்டுது. அந்தக் கையோடதேன் சோறு திங்கணும். கை கழுவத் தண்ணி கேட்டா ஓடையக் காட்டுறாக. அந்த ஓடையிலதேன் மருந்து டப்பாவையும் அலசுறாக.”

நம் ஊரில் யாரும் தனியாகப் பேசுவதில்லை. ஒருத்தி சொன்னால் சுற்றி இருக்கிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஆமா’ போடுவார்கள், ‘அதேன்’ என்பார்கள், விட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். அன்றும் அப்படித்தான். “ஆமா.” “அம்புட்டும் நெசம்.” முத்துலட்சுமி அக்கா, “எனக்குக் கண்ணு ரெண்டு நாளு தெரியலயே” என்றார். ஈஸ்வரி, “எம் புள்ள எங் கையில சோறு வாங்க மாட்டேங்குது, மருந்து நாத்தமாம்” என்றாள். என் காதால் கேட்டேன். நீயும் கேட்டாய்.

செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன், ரீல்ஸுக்காக. அந்தச் சட்டத்துக்குள் நீ மட்டும்தான் அடங்கினாய். மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள் என்பதற்கு அவர்கள் குரல் ஒன்றுதான் சாட்சி.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். உன் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று இல்லை, கோழி இல்லை, பஸ் இல்லை. ‘ஆமா’வும் இல்லை. நீ ஒரு வாக்கியம் முடித்து இடப்பக்கம் பார்க்கிறாய், தலையாட்டுகிறாய், அங்கே வெறும் மௌனம். பிறகு அடுத்த வாக்கியம்.

கவனித்தேனா என்றால், கவனித்தேன் சித்தி. இதை எங்கே சொல்லாமல் விடலாம் என்று இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். கவனித்துவிட்டு, குறுக்குப் பேச்சு இல்லாமல் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அன்று சாயந்தரமே ஏற்றிவிட்டேன். ஊரெல்லாம் பார்த்தது. மருந்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ‘செம கிளாரிட்டி ப்ரோ, என்ன மைக்?’ என்று எழுதினார்கள். நானும் வரிசையாகப் பதில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மந்தையில் ஜீப்புக்காரர் தன் செல்போனை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டினார். நான் அங்கே இல்லை. பிறகு பேச்சி அக்கா சொன்னதுதான்.

“ஒரு கொரல்தான கேக்குது? நீங்களும் சொன்னீகளா?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “அப்ப இது ராசாத்தி மட்டும் கட்டுன கத. தோட்டத்துல மத்தவுகளுக்கு ஒண்ணும் ஆகல. ராசாத்திக்கு மட்டும்தேன் மருந்து சொட்டுதாக்கும்.” உன்னைப் பார்த்து, “சேச்சி இனி வீட்லயே இருந்து வீடியோவுல பேசுங்க. மலைக்கு வேணாம்” என்று மலையாளத்து மரியாதையோடு சொல்லிச் சிரித்தாராம்.

ஜீப் உன்னை விட்டுவிட்டுப் போனது. தூக்குச்சட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

“ஏலே, எங்கூட அஞ்சு பேரு சொன்னாளுகளே, அது எங்கலே போச்சு?”

தூக்கக் கலக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “அவுக மெல்லச் சொல்லிருப்பாக சித்தி. கிளாரிட்டி நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாக.”

மெல்லச் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற பழக்கம் இந்தத் தொழிலில் சீக்கிரம் வந்துவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையை நீ எடுத்துக்கொண்டு போய், பேச்சி அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டாய். “என்னைய முன்னால தள்ளிவிட்டுட்டு நீங்க ஓரமா மொனங்கிக்கிட்டு இருந்தீகளா? மந்தையிலயாச்சும் வாயத் தொறந்தியாடி?” அதற்குப் பிறகு அவரோடு நீ பேசவே இல்லை. இருபது வருசம் ஒரே ஜீப்பில், ஒரே தூக்குச்சட்டியில் கை போட்டுத் தின்றவர்கள்.

நீ திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனாய். கூலி குறைவு, அதுவும் தினமும் கிடையாது. மாசியில் ஒரு நாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாய். நீ செத்ததற்கு மைக் காரணம் என்று நான் கதை கட்ட மாட்டேன். மருந்து காரணமா என்றும் எனக்குத் தெரியாது, யாரும் பார்த்துச் சொல்லவில்லை, கூலிக்காரி நெஞ்சை அறுத்துப் பார்க்க யாருக்கு அவசரம்? எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உன் கூட்டாளிகள் உன்னைத் தனியே விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனாய். அந்த நினைப்பை உனக்குக் கொடுத்தது நான்.

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்போது பேச்சி அக்கா தெருமுனையில் தள்ளி நின்றார். கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

உண்மை தெரிந்தது சித்திரையில். உத்தமபாளையத்து அஸ்ரப்பை உனக்கு நினைவிருக்கும். நிக்காஹ், கல்யாணம் எல்லாம் எடுப்பான், நம் வீட்டுக்கு வந்தால் உன்னிடம் கருவாட்டுக் குழம்பு கேட்பான். அவனும் என்னைப் பார்த்து அதே மைக்கைத்தான் வாங்கியிருந்தான். ஒரு நாள் கூப்பிட்டுக் கத்தினான்.

“லேய் மாப்ள, நல்ல மைக்கக் கைகாட்டுனடா நீ. நிக்காஹ் நடத்துற ஹஜரத் சட்டையில மாட்டிவிட்டேன். அவரு கேட்டதெல்லாம் கணீர்னு இருக்கு. மாப்பிள்ள ‘கபூல்’னு சொன்னது மட்டும் இல்ல. வாய் அசையுது, சத்தமில்ல. ஒப்புக்கிட்டேன்னு சொல்றதுதான்டா நிக்காஹ்வே. பொண்ணோட அத்தா என்னையப் பிடிச்சுக்கிட்டாரு, எம் மருமகன் ஊமையாடாங்குறாரு.”

சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் ‘அது எங்கலே போச்சு’ என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது.

அன்றே உத்தமபாளையம் போனேன். அவன் கடையில் மைக்கை அவன் சட்டையில் மாட்டி, பச்சை விளக்கைப் போட்டுவிட்டு நான் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அவன் பேசப் பேச நான் ‘ஆமா’ போட்டேன். சத்தமாகவே போட்டேன். திருப்பிப் போட்டோம். அதில் அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி செய்தோம். ஃபேன் இரைச்சல் வந்தது, தெருவில் ஐஸ்காரன் மணி வந்தது, என் ‘ஆமா’வும் வந்தது.

“யாரு கிட்ட நின்னு பேசுறானோ அவந்தேன் மனுசன். தள்ளி நிக்கிறவன்லாம் இதுக்கு எரைச்சல்” என்றான் அஸ்ரப்.

அழிந்த குரல்களை மீட்க முடியுமா என்று நாலு பேரிடம் கேட்டேன். முடியாது. செல்போனுக்கு வந்து சேருமுன்னே மைக் அதைத் துடைத்துவிட்டது. பதியாததை எங்கே போய்த் தோண்டுவது?

இனி, மைக் கேட்கும் தம்பிகளுக்கு. சித்தி, இதையும் நீ கூட இருந்து கேள்.

தம்பி, கடையில் விற்பதில் முக்கால்வாசி ஒரே வாய்க்காகச் செய்த சாமான். ஒரு ஆள் காமிராவைப் பார்த்துத் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்கு அது நன்றாக வேலை செய்யும். நீ எடுக்கப் போவது அதுதான் என்றால் தாராளமாக வாங்கிக்கொள். வாய்க்கால் தகராறையோ, கூலிப் பிரச்சினையையோ எடுக்கப் போகிறாய் என்றால், முதலில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று பார். அதற்குப் பிறகு கடைக்குப் போ. காமிராவின் தலையில் நீளமாக ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்காதே. எவ்வளவு விலை கொடுத்தாலும் பத்தடி பத்தடிதான். ஆயிரம் ரூபாய் ஒயர் மைக் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் அதைவிட நன்றாகக் கேட்கும். கழுத்துப் பாசிமணி உரசாத இடமாகப் பார்த்து மாட்டு. கைவசம் பழைய செல்போன் இருந்தால் அதிலேயே ஒரு ஒயர் மைக்கைச் சொருகி, பேசுகிறவர் பையில் போட்டுவிடு, தனி ரிக்கார்டர் வேண்டாம். காற்றுக்கு ரோமத் தொப்பி போடு. மிச்சக் காற்று வந்தால் வரட்டும், நம் ஊரில் காற்று அடிக்கத்தான் செய்யும். எடுத்த இடத்தை விட்டுக் கிளம்புமுன் காதில் ஹெட்போன் மாட்டி முழுசாகக் கேள். நூற்றைம்பது ரூபாய் ஹெட்போன் போதும். அதை நான் செய்திருந்தால், அன்றே அந்தப் படியில் உட்கார்ந்து மறுபடி எடுத்திருப்பேன். இந்தக் கடிதமே வந்திருக்காது.

பேச்சி அக்கா வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த மைக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முந்தானையில் மாட்டி, அஸ்ரப் கடையில் செய்த மாதிரியே செய்து காட்டினேன். என் குரல் காணாமல் போனதைக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்று தரம் கேட்டார்.

“அப்ப நான் சொன்னது இதுக்குக் கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேட்டுச்சு.”

“ஆமாக்கா.”

“நீ அப்பயே சொல்லிருந்தா அவ எங்கிட்டப் பேசியிருப்பா.”

“ஆமாக்கா.”

மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். “நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மந்தையில அவுக வீடியோவப் போட்டப்ப, எங்கொரலு அதுல இல்லன்னதும் எனக்கு நிம்மதியாத்தேன் இருந்துச்சு. தப்பிச்சோம்னு இருந்துச்சு. அதேன் வாயத் தொறக்கல. மைக்கு மேல மட்டும் போடாத. அன்னைக்கு எனக்கு வாய் இருந்துச்சுல்ல?”

அதற்குப் பிறகு அவர்தான் மற்றவர்களிடம் பேசினார். ஈஸ்வரி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாள், போன் எடுக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் சரி என்றார்கள். முத்துலட்சுமி அக்கா மட்டும் முடியாது என்றார். “பிள்ளைக படிக்குது” என்ற அதே பதில். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பேச்சி அக்கா எனக்கு ஒரே நிபந்தனை போட்டார். “எடுத்த ஒடனே எங்களுக்குப் போட்டுக் காட்டணும். எங்க கொரலு இருந்தாத்தேன் அது வெளிய போகணும்.”

“ஜீப்புல ஏத்தலன்னா என்னக்கா செய்வீக?”

“ஒருத்திய எறக்குனா சிரிப்பாக. மூணு பேர எறக்கிப் பாக்கட்டும். இந்தக் காய் எடுக்குற நேரத்துல ஆளுக்கு எங்க போவாக?”

இன்று காலை மலை ரோட்டில் மண் சரிந்துவிட்டது. ஜீப் போகவில்லை. அதே ரேஷன் கடைப் படி. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ரிக்கார்டரை நடுவில் ஒரு செங்கல் மேல் வைத்து, மேலே தொப்பி போட்டேன். பழைய செல்போன் இரண்டில் ஒயர் மைக்கைச் சொருகி, மலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே இருந்த இரண்டு பேர் சட்டைப் பையில் போட்டேன். காமிராவைப் படுக்கப் பிடித்தேன், மூன்று பேரும் அடங்கினார்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

தனித்தனியாகப் பதிவதைப் பிறகு ஒன்றாகச் சேர்க்க ஒரு சத்தம் வேண்டும். “எல்லாரும் ஒருக்காக் கையத் தட்டுங்க” என்றேன்.

“எதுக்குலே, கும்மியடிக்கவா கூப்ட்ட?” என்றார் பேச்சி அக்கா. ஆனால் தட்டினார்கள்.

முதல் வாக்கியம் பேச்சி அக்காவுடையது. “போன வருசம் ராசாத்தி சொன்னது அவ மட்டும் சொன்னதில்ல. நாங்களும் சொன்னோம். கேக்காமப் போச்சு. இப்பச் சொல்றோம், கேட்டுக்கங்க.” மற்ற இருவரும் ‘ஆமா’ போட்டார்கள். பிறகு மருந்து, ஓடை, டப்பா, கண் எரிச்சல், எல்லாம் அன்று நீங்கள் சொன்ன வரிசையிலேயே வந்தது. அன்று சொல்ல விட்டுப்போன இரண்டு சங்கதியும் வந்தது.

பாதியில் முத்துலட்சுமி அக்கா டீ கொண்டுவந்தார். நானில்லை என்று சொன்னவர், சும்மா கேட்டுக்கொண்டிருக்க மனசில்லாமல் கிளாஸோடு வந்துவிட்டார். காமிராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவருக்காக நீட்டினார்.

முடிந்ததும் ஸ்பீக்கரைச் சொருகி அங்கேயே போட்டேன். ஆடிக் காற்று இரைந்தது. பஸ் ஹாரன் வந்தது. உன் வெள்ளாடு நடுவில் இரண்டு தரம் கத்தியது. “இந்தா, இது நானு” என்று ஒவ்வொருத்தராகத் தன் குரலைக் கண்டுபிடித்தார்கள். கண் தெரியாமல் போனதைப் பற்றிப் பேச்சி அக்கா சொல்லுமிடத்தில், பின்னாலிருந்து நாலாவதாக ஒரு குரல் விழுந்தது. “ஆமா, ரெண்டு நாளு.”

எல்லோரும் முத்துலட்சுமி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். டீ கொடுக்கும்போது தன்னை அறியாமல் சொல்லியிருக்கிறார். அவருக்கே அது நினைவில்லை.

“அத எடுத்துரவாக்கா?” என்று கேட்டேன். போன தடவை யாரையும் கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை கேட்டேன்.

காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டே நின்றார். “இன்னொருக்காப் போடு” என்றார். போட்டேன். கேட்டார்.

“கெடக்கட்டும். ஆட்டுச் சத்தத்த வேணா எடு.”

சித்தி, ஆட்டுச் சத்தத்தையும் எடுக்கவில்லை. வீடியோவை ஏற்றிவிட்டேன். நாளைக் காலை ரோடு சரியாகிவிடும், ஜீப் மந்தைக்கு வரும். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் பாயில் படுத்திருக்க மாட்டேன், மந்தையில் நிற்பேன். உன் பழைய வீடியோவை அழிக்கவில்லை. மற்ற குரல்களைத் துடைத்தது யார் என்று அதற்குக் கீழே என் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

நாலு ‘ஆமா’ வந்துவிட்டது. ஈஸ்வரியுடையது இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் ரிக்கார்டரோடு திருப்பூர் போகிறேன். அவள் சரி என்றால் பதிவு செய்வேன், வேண்டாம் என்றால் நடந்ததைச் சொல்லிவிட்டு மட்டும் வருவேன். எப்படியானாலும் நீ ஒத்தையில் புலம்பவில்லை என்பதை அவள் காதில் போடாமல் திரும்ப மாட்டேன்.

உன் சட்டையில் மைக்கை மாட்டிவிட்டு, உன்னைச் சுற்றி இருந்தவர்களைக் கேட்காமல் போன
உன் அக்கா மகன்,
சரவணன்